கூலியில்லாமல் தூர் வாரிய வருஷம்

காளிச்சாமியைக் கஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். கஞ்சன் தன் பணத்தை மட்டும்தான் பூட்டி வைப்பான். காளிச்சாமிக்கு யார் வீட்டுப் பொருள் வீணானாலும் வயிறு எரியும். கல்யாணப் பந்தியில் இலையில் சோற்றை மீதம் வைத்து எழுந்திருப்பவனைப் பெண் வீட்டாரே ஒன்றும் சொல்லாதபோது, இவர் குறுக்கே போய், "ஏனுங்க, பசியில்லீன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்று கேட்டுவிடுவார். இப்படிப்பட்ட ஒருவர் சர்க்கார் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததுதான் கெட்ட நேரம். அவருக்கா, சர்க்காருக்கா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கரட்டுப்பதி கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. பேச்சும் சந்தையும் சம்பந்தமும் பொள்ளாச்சிப் பக்கம். வரி கட்டுவதும் மனுக் கொடுப்பதும் மட்டும் மலையாளத்தில். நான் அங்கே ரேஷன் கடை வைத்திருந்தேன். ரேஷன் கடைக்காரனுக்கு ஊரில் யார் வீட்டில் உலை கொதிக்கிறது, யார் வீட்டில் கொதிக்கவில்லை என்பது தெரியும். காளிச்சாமி வீட்டில் உலை கொதிக்கத் தொடங்கியதே அணைத் தண்ணீருக்காகக் கிழக்குக் கிளை வாய்க்கால் வெட்டிய பிறகுதான். அதற்கு முன்னால் கொஞ்சம் மானாவாரி நிலத்தில் கடலை போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வாய்க்காலுக்குக் காவல் ஆள் எடுத்தபோது அவரை எடுத்தார்கள். லஸ்கர் என்று அந்த வேலைக்குப் பெயர். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் நடந்து பார்ப்பது, திருட்டு மடை வைப்பவனைப் பிடிப்பது. காக்கிச் சட்டை உண்டு. அதை அவர் வாய்க்காலுக்குப் போகும்போது மட்டும் போடுவார், வீட்டுக்கு வந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடுவார். தேய்ந்துபோனால் சர்க்காருக்குத்தானே நஷ்டம் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அந்த வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. காளிச்சாமி நிரந்தர ஆள் இல்லை. 'வொர்க் சார்ஜ்' ஆள். அதாவது அவருக்கென்று தனியாகச் சம்பளம் வராது. வாய்க்காலில் என்ன மராமத்து நடக்கிறதோ அந்தச் செலவில் ஒரு பங்காக இவர் சம்பளமும் எழுதப்படும். செலவு நடந்தால் சம்பளம் உண்டு, நடக்காவிட்டால் இல்லை. இப்படியே இடைவெளி விழாமல் சில வருஷம் ஓட்டிவிட்டால் நிரந்தரம் ஆக்குவார்கள், பிறகு பென்ஷன் வரை கவலையில்லை. நடுவில் ஒரு மாதம் அறுந்தாலும் பழைய சர்வீஸ் எல்லாம் போயிற்று, மறுபடியும் முதலில் இருந்து எண்ண வேண்டும். காளிச்சாமியின் மனைவி மருதாத்தாளுக்கு இந்த விதி மனப்பாடம். செவ்வாய்க்கிழமை தோறும் மாரியம்மனிடம் அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

இப்போது தூர் வாருவதைச் சொல்ல வேண்டும். பிப்ரவரி வாக்கில் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்துவார்கள். மார்ச் முடிவதற்குள் மண்ணை வாரி, பில் போட்டு, பணத்தை எடுத்துவிட வேண்டும். காண்ட்ராக்டர் ஆட்களோடு வந்து நடு வாய்க்காலைச் சுரண்டி, மண்ணை எடுத்துக் கரை விளிம்பிலேயே குவிப்பார். அளந்து பார்த்துக் கையெழுத்தாகும். ஆனி மாதம் மழை விழுந்ததும் அந்த மண் கரையில் இருந்து இறங்கித் தன் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த மார்ச்சில் அதே மண்ணுக்கு மறுபடியும் பில். கடைமடையில் இருந்த குப்பண்ணன் நிலத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

பக்கத்துக் கிளை வாய்க்காலுக்கு மொக்கையன் என்பவர் லஸ்கர். கம்பத்துக்காரர். சொந்தக்காரர்கள் எல்லாம் வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்தில் இருக்க, இவர் மட்டும் எப்படியோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். அவருடைய வாய்க்கால் பத்து இடத்தில் ஒழுகும். வருஷா வருஷம் அதற்கு ஒதுக்கும் தொகை ஏறிக்கொண்டே போகும். "ஒழுகுற வாய்க்காத்தாம்ணே நமக்குக் கறவை மாடு. ஏன் அடைக்கணும்ங்கிறீக?" என்று அவர் காளிச்சாமியிடம் சொல்வார். நல்ல மனுஷர்தான். விவரமும் தெரிந்தவர்.

எழுபத்தைந்தாம் வருஷம் காண்ட்ராக்டர்கள் ரேட்டு கட்டுப்படியாகவில்லை என்று சண்டை போட்டு, ஒருவரும் டெண்டர் எடுக்கவில்லை. ஓவர்சியர் கேசவன்குட்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையோரம் வந்தார். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர், வயிற்றுப்புண் உள்ளவர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"காளிச்சாமீ, மார்ச்சு கழிஞ்சால் பைசா சர்க்காருக்கே திரிச்சுப் போகும். வாருவதற்கு ஆள் கிட்டுமோ?" என்று கேட்டார்.

காளிச்சாமிக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அந்த யோசனை எங்கள் பக்கத்து ஆளுக்கு மட்டும்தான் தோன்றும். அணைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஓடைத் தண்ணீர் பாயும் ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. அதில் தண்ணீர் பாயும் ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒரு ஆள் மம்பட்டியோடு வந்து தூர் வாரவேண்டும். கூலி கிடையாது. பணக்காரன் ஏழை வித்தியாசமும் கிடையாது. சர்க்கார் வாய்க்கால் வந்த பிறகு, சர்க்காரே வாரிக்கொள்ளட்டும் என்று அந்த வழக்கம் நின்றுபோயிற்று.

காளிச்சாமி நேரே குப்பண்ணன் வீட்டுக்குப் போனார். கடைமடையில் பெரிய பண்ணயம் அவருடையது. அவர் சொன்னால் நாலு ஊர் கேட்கும்.

"மாமா, பழைய மொறைப்படி ஊட்டுக்கு ஒரு ஆள் வந்து வாய்க்காலை வாரிப்போடலாமுங்களா?"

குப்பண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "கூலிக்கு மம்பட்டி புடிக்கறதுன்னா எங்கூட்டுல ஒருத்தனும் வரமாட்டானுங்க மாப்ள. ஊர் வேலைன்னா நானே வர்றனுங்க. ஆனா ஒண்ணு. இந்தவாட்டி தண்ணி கடைமடையில இருந்துதான் பாயோணும்."

"ஆகட்டுமுங்க மாமா" என்று காளிச்சாமி சொல்லிவிட்டார். தண்ணீர் முறையை மாற்ற ஒரு லஸ்கருக்கு அதிகாரம் உண்டா என்றெல்லாம் அவர் யாரையும் கேட்கவில்லை.

மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, இது ஊர் வேலை, இதற்கு யாரும் கூலி தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். குப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். சில வீடுகளில் தங்கள் ஆளென்று பண்ணையாளை அனுப்பினார்கள். அவனுக்கு அது ஊர் வேலையா ஓசி வேலையா என்று யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் கம்மங்கூழ் கொண்டு வந்தார்கள். மண்ணைக் கரை விளிம்பில் குவிக்காமல், வண்டி கட்டி அவரவர் காட்டுக்கு உரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். வண்டல் மண்ணை விட எந்த விவசாயிக்கு மனம் வரும்? வாய்க்கால் வெட்டிய அன்று இருந்தது போல அடிக்கல் தெரிந்தது.

கேசவன்குட்டி வந்து பார்த்து அசந்துபோனார். பிறகு சைக்கிள் கேரியரில் இருந்து மஸ்டர் ரோலை எடுத்தார். கூலியாட்களின் பெயரும் கைநாட்டும் வாங்கும் தாள் அது.

"பேரு சொல்லு, ஞான் எழுதறேன். எல்லாருக்கும் கூலி கிட்டும்."

"கூலி வாண்டாமுன்னுதானுங்க சார் வந்தாங்க."

"வேண்டான்னு சொன்னா ஆபீஸுக்கு மனசிலாகாது காளிச்சாமீ. வாங்கிக் கோயிலுக்குக் கொடுக்கட்டும்."

"தேங்கா ஒடச்சுச் சொன்ன பேச்சுங்க. குப்பண்ணன் மாமா பேரைக் கூலிக் கடுதாசில எழுதினா, அப்பறம் நான் அவிக ஊட்டு வாசல் மிதிக்கறதெப்படிங்க?"

கேசவன்குட்டி கரையில் உட்கார்ந்துவிட்டார். பொறுமையாக விளக்கினார். இந்த வாய்க்காலுக்குச் செலவு இல்லை என்று எழுதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினால், அடுத்து இதற்குப் பணமே வேண்டாம் என்று மேலே முடிவு கட்டுவார்கள். செலவு இல்லாத இடத்தில் வொர்க் சார்ஜ் ஆளுக்கு எந்தக் கணக்கில் சம்பளம் எழுதுவது?

காளிச்சாமி இதை நம்பவில்லை. "மிச்சம் புடிச்சுக் குடுத்தவனை எந்த மொதலாளியாச்சும் வேலைய உட்டுத் தள்ளுவானுங்களா சார்?" என்று கேட்டார். பண்ணயத்தில் விளைந்த புத்தி அது. விதைக் கடலையில் ஒரு படி மிச்சம் பிடித்த பண்ணையாளை அவர் பார்த்திருக்கிறார், அவனுக்குப் பொங்கலுக்கு வேட்டி கிடைத்ததையும் பார்த்திருக்கிறார்.

"முதலாளின்னு ஒருத்தன் இருந்தால்தானே" என்றார் ஓவர்சியர். தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் கடைமடையில் தண்ணீர் பாய்ந்தது. அந்த வருஷத்து ஒதுக்கீடு முன்பே முடிவாகியிருந்ததால், சில்லறை மராமத்துக் கணக்கில் காளிச்சாமி சம்பளமும் ஓடியது. குப்பண்ணன் வரப்பில் நின்று பார்த்தபடியே இருந்தாராம். இதற்குள் எமர்ஜென்சி வந்தது. ஆபீஸ் சுவரெல்லாம் 'நாவை அடக்கு, வேலையைச் செய்' என்று மலையாளத்தில் எழுதினார்கள். மேலிடத்துப் பெரிய என்ஜினீயர் ஜீப்பில் வந்து, மக்கள் ஒத்துழைப்புக்கு இந்த வாய்க்கால் ஒரு முன்மாதிரி என்று கரையிலேயே பேசி, காளிச்சாமிக்குத் துண்டு போர்த்தினார். மருதாத்தாள் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் பார்த்தேன். நிரந்தரம் இனிமேல் கையில் விழுந்த மாதிரிதான் என்று அவள் என் கடையில் நின்று சொன்னாள். ஊர்க்காரர்களுக்கும் உற்சாகம் பிறந்து, அடுத்த பிப்ரவரியில் கூப்பிடாமலேயே வந்து மறுபடியும் வாரினார்கள்.

அடுத்த வருஷத்து ஒதுக்கீடு வந்தது. கிழக்குக் கிளை வாய்க்காலுக்கு ஒன்றுமில்லை. மொக்கையன் வாய்க்காலுக்கு ஏறியிருந்தது.

இதில் சூழ்ச்சி செய்தவன் ஒருவனும் இல்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். மேலே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: போன வருஷம் செலவழிக்காதவனுக்கு இந்த வருஷம் தேவையில்லை. செலவழித்தவனுக்குத் தேவை இருக்கிறது. மிச்சம் பிடித்ததில் பாதியை அந்த வாய்க்காலுக்கே விட்டு வைத்து, ஒரு மதகை மாற்றிக்கொள் என்று சொல்லியிருந்தால், அந்த ஜில்லாவில் உள்ள லஸ்கர்கள் எல்லாம் காளிச்சாமி ஆகியிருப்பார்கள். சிக்கனத்துக்குப் பரிசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அபராதம் போடாமல் இருந்திருக்கலாம். துண்டு போர்த்திய கையும் பணத்தை வெட்டிய கையும் ஒரே ஆபீஸின் கைதான்.

கேசவன்குட்டி தானே வந்து சொன்னார். மார்ச் வரைதான் சம்பளம். அதன் பிறகு காளிச்சாமி பெயரை எழுத ஒரு வேலையும் இல்லை.

மருதாத்தாள் அழவில்லை. புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க, ஊர்ச் சொத்து வீணாகுதுன்னு பதறுனீங்களே. ஒம்பது வருஷம் வெயில்லயும் மழையிலயும் கரை மேல நடந்தீங்களே, அது வீணில்லீங்களா?" அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்பண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் குப்பண்ணன் சில பண்ணயக்காரர்களையும் காளிச்சாமியையும் கூட்டிக்கொண்டு ஓவர்சியரை அவர் ஆபீஸில் பார்க்கப் போனார். அங்கே சப்ளை ஆபீஸில் ரேஷன் மனு ஒன்று கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன்.

கேசவன்குட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவைப் பார்த்தபடி பேசினார். வேறு இடங்களில் மிஞ்சிய பணம் ஆபீஸில் கிடக்கிறது. மார்ச் முடிவதற்குள் அது எங்காவது செலவாகியே தீர வேண்டும், எங்கே என்றுதான் மேலேயும் தேடுகிறார்கள். அவசர மராமத்து என்று ஒன்று இருந்தால் உடனே எழுதலாம். எழுதினால் காளிச்சாமிக்குச் சர்வீஸ் அறாது.

"அதுக்கு என்ன பண்ணோணுமுங்க?" என்றார் குப்பண்ணன்.

"கரை உடைஞ்சிருக்கணும்."

"எங்க வாய்க்காக் கரை ஒடையலீங்களே. இந்தச் சீமையிலேயே அதுதானுங்க நல்ல வாய்க்கா."

"இன்னைக்கு ஞான் பார்க்கலை" என்றார் கேசவன்குட்டி. "நாளைக்கு வந்து பார்ப்பேன்."

பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கியதும் குப்பண்ணன், "நம்ம பசங்க ரெண்டு பேரை அனுப்பறனுங்க மாப்ள. நீங்க ஊட்டுல இருங்க" என்றார்.

"வாண்டாமுங்க மாமா" என்றார் காளிச்சாமி. "நான் காவக்காரனுங்க. வேற ஆரு ஒடைச்சாலும் நான் புடிச்சுக் குடுக்கோணுமுங்க."

வீட்டுக்குப் போய்க் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு, வளைவில் கல் பதித்த இடத்துக்குப் போனார். நல்ல வெயில். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பனைமரத்து நிழலில் நின்றோம். அந்த இடம் வாய்க்கால் வெட்டியபோதே கட்டியது. சிமெண்டில் மணலைக் கூட்டி ஏமாற்றாமல் கட்டிய வேலை, லேசில் பெயரவில்லை. முதல் கல் விழுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல் வந்த பிறகு மற்றவை சுலபமாக வந்தன. போதும் என்று குப்பண்ணன் கூப்பிட்டுச் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. அப்புறம் கடப்பாரையைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். அவர் அழுவதை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் ஓவர்சியர் வந்தார், பார்த்தார், எழுதினார். வேலை செய்ய ஆள் பெயர் வேண்டுமே. குப்பண்ணன் முன்னால் வந்து, "எழுதுங்க சார். குப்பண்ணன். கூலி" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். உடைத்த இடத்தைக் கட்டியவர்கள் இரண்டு கொத்தனார்கள்தான். தாளில் இருந்தது ஊரே. வந்த கூலியை யார் என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வருஷம் மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை வந்தது.

அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. உடைப்பு விழும் வாய்க்கால் என்று பெயர் வாங்கியதால் ஒதுக்கீடு தாராளமாக வந்தது. காண்ட்ராக்டரும் திரும்பி வந்து நடுவில் சுரண்டிக் கரையில் குவித்தார். எழுபத்தெட்டில் காளிச்சாமி நிரந்தரம் ஆனார். மருதாத்தாள் பொங்கல் வைத்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். காளிச்சாமி இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். வேலையில் குறை சொல்ல முடியாது. மதகு நேரத்துக்குத் திறந்தது, நேரத்துக்கு மூடியது.

அதற்கடுத்த ஆனியில் மழை கொஞ்சம் பலமாகப் பெய்து, கரை மண் இறங்கி, கடைமடைக்குப் போகும் வழியில் பெரிய மேடாக அடைத்துக்கொண்டது. தண்ணீர் திறக்க இன்னும் நாளிருந்தது. நாற்று விட வேண்டுமே என்ற கவலையில் குப்பண்ணன் தன் பையன்களையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் மம்பட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பொழுது வேலைதான். காளிச்சாமி கரைமேல் இருந்து அவர்களைப் பார்த்துவிட்டு, வேகமாக இறங்கி வந்து குறுக்கே நின்றார்.

"தொட வாண்டாமுங்க மாமா" என்றார். "இப்பவே எடுத்துப்போட்டா, மார்ச்சுல காட்டறதுக்கு மண்ணிருக்காதுங்க."

குப்பண்ணன் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பையன்களையும் வரச்சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தார்.